என் நாய் மணி, மாத்திரை கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து என்னைக் கண்டால் ஒளிகிறான்

மணிக்கு உங்கள் மேல் கோபமெல்லாம் கிடையாது. உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் வெறும் வயிற்றில் குமட்டும். வாயைப் பிளந்து திணிக்கிற கையையும் அந்தக் குமட்டலையும் அவன் முடிச்சுப் போட்டிருப்பான். கட்டிலுக்கு அடியில் பதுங்குவது அதனால்தான் இருக்கும்.

மாத்திரை நேரம் இல்லாதபோது, எலும்பில்லாத வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை நீட்டிப் பாருங்கள். வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் மாத்திரைப் பயம்தான். மோந்துவிட்டு முகத்தைத் திருப்பினால் குமட்டலாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி பாதிச் சோறு தின்ற பிறகு கோழிக்குள் பொதிந்து கொடுங்கள். தயிர், பனீரில் வைக்காதீர்கள், மருந்து சரியாக ஏறாது. அப்புறம், மருந்தே இல்லாமலும் அடிக்கடி கையால் ஊட்டுங்கள், பாவம்.

வழக்கமாக 28 நாள் கொடுக்கிற மருந்து. நீங்களாக நடுவில் நிறுத்தாதீர்கள். ஈறு வெளுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.