அபராதம் ஒருமுறை, பாயின்ட் மூன்று வருடம்

கேள்வி: வணக்கம் ஐயா. கலிஃபோர்னியாவில் சான் ஹோசே அருகே வசிக்கிறோம். சென்ற மாதம் 280 நெடுஞ்சாலையில், 65 மைல் எல்லையில் 82 மைல் வேகத்தில் சென்றதாகக் காவலர் நிறுத்தி டிக்கெட் கொடுத்துவிட்டார். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் டிக்கெட். உடனே பணத்தைக் கட்டித் தலைமுழுகிவிடலாமா? காப்பீட்டு நிறுவனத்துக்கு நாமே சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாலிசி ரத்தாகும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். இதற்கிடையே, சான் ஃபிரான்சிஸ்கோவில் வேகமாகச் சென்றதாக என் மனைவிக்குக் கேமரா படத்தோடு தபாலில் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. இரண்டு கார்களும் ஒரே பாலிசியில் இருக்கின்றன. பிரீமியம் எங்கே போய் நிற்கும் என்று கவலையாக இருக்கிறது.

பதில்: முதலில் உங்கள் மனைவியின் நோட்டீஸைப் பார்த்துவிடுவோம், அது எளிது. 2023-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின் கீழ் சில நகரங்களில் வேகக் கேமராக்கள் வைக்கப்படுகின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவில் அவை 2025-இல் இயங்கத் தொடங்கின. அவை விதிப்பது சிவில் அபராதம் மட்டுமே. எல்லையைத் தாண்டிய வேகம் 11 முதல் 15 மைல் வரை என்றால் 50 டாலர், அதற்கு மேல் 25 மைல் வரை 100 டாலர். இதற்குப் பாயின்ட் (விதிமீறலுக்காக ஓட்டுநர் பதிவில் ஏறும் புள்ளி) கிடையாது, டி.எம்.வி. (மாநில மோட்டார் வாகனத் துறை) பதிவிலும் ஏறாது. காப்பீட்டு நிறுவனம் பார்ப்பது டி.எம்.வி. பதிவை என்பதால் பிரீமியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கெடுவுக்குள் கட்டிவிடச் சொல்லுங்கள்.

உங்கள் டிக்கெட் வேறு வகை. தயவுசெய்து அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். நீதிமன்ற இணையதளத்தில் வெறுமனே அபராதத்தைக் கட்டினால், குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும். உங்கள் பதிவில் ஒரு பாயின்ட் ஏறி மூன்று வருடம் உட்கார்ந்திருக்கும். அங்கேயே கட்டணத்தோடு டிராஃபிக் ஸ்கூலையும், அதாவது சாலை விதிகளைக் கற்பிக்கும் ஒரு சிறு வகுப்பையும், தேர்ந்தெடுக்கும் வழி இருக்கும். பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள், எனக்கு வரும் கடிதங்களில் மனதை உறுத்துவது இதுதான். தொகை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நீங்கள் எல்லையைத் தாண்டியது 17 மைல். 25 மைலுக்கு மேல் தாண்டாதவர்கள், வணிக உரிமம் அல்லாத சாதாரண உரிமம் உள்ளவர்கள், கடந்த 18 மாதங்களில் வேறு டிக்கெட்டுக்காக இந்த வாய்ப்பைப் பயன்படுத்தாதவர்கள் பொதுவாக டிராஃபிக் ஸ்கூலுக்குத் தகுதி பெறுவார்கள். அபராதத்தில் ஒரு காசும் குறையாது. அதோடு நீதிமன்றத்துக்கு ஒரு நிர்வாகக் கட்டணம், பள்ளிக்கு ஒரு கட்டணம். பெரும்பாலான இடங்களில் இணையத்திலேயே படித்து முடித்துவிடலாம். முடித்துவிட்டால் தீர்ப்பு ரகசியப் பதிவாகிவிடும். நீதிமன்றமும் டி.எம்.வி.யும் அறியும், காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் படாது. நீதிமன்றம் தரும் கெடு தேதிக்குள் முடிக்காவிட்டால் கட்டிய பணமும் போய், பாயின்ட்டும் ஏறிவிடும்.

ஒரு பாயின்ட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று நினைக்கலாம். 1988-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103-ஆம் முன்மொழிவின்படி, இந்த மாநிலத்தில் கார் காப்பீட்டு விலையைத் தீர்மானிப்பதில் முதல் இடம் ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவுக்கு. இரண்டாவது, வருடத்துக்கு ஓட்டும் மைல்கள். மூன்றாவது, ஓட்டுநர் அனுபவம். கடந்த மூன்று வருடங்களில் ஒரு பாயின்ட்டுக்கு மேல் இல்லாதவருக்கு, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், குறைந்தது 20 சதவீத நல்ல ஓட்டுநர் தள்ளுபடி சட்டப்படி கிடைத்தாக வேண்டும்.

அதாவது ஒரு பாயின்ட்டால் அந்தத் தள்ளுபடி பறிபோகாது. ஆனாலும் பாதுகாப்புப் பதிவு கெட்டுவிட்டதால் பிரீமியம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டு கார்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு 3,000 டாலர் கட்டுகிறீர்கள், அதில் 15 சதவீதம் ஏறுகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 450, மூன்று வருடத்தில் 1,350 டாலர். இதைவிட நான் அஞ்சுவது அடுத்த பாயின்ட்டை. அந்த மூன்று வருடத்துக்குள் இன்னொரு டிக்கெட் வந்தாலோ, சேதம் அதிகமான ஒரு விபத்தில் தவறு பெரும்பாலும் உங்களுடையது என்று ஆனாலோ இரண்டாவது பாயின்ட் ஏறி, 20 சதவீதத் தள்ளுபடியும் கையைவிட்டுப் போகும். வாகன நிறுத்துமிடத்தில் பின்னால் எடுக்கும்போது இன்னொரு காரை இடித்தால்கூட அந்த நிலை வரலாம். டிராஃபிக் ஸ்கூலுக்குப் போகச் சொல்வது இதற்காகத்தான். 12 மாதத்தில் நான்கு பாயின்ட் சேர்ந்தால் உரிமத்துக்கே ஆபத்து, நீங்கள் அதற்கு வெகு தொலைவில் இருக்கிறீர்கள்.

டிக்கெட்டே தவறு என்று உறுதியாக நம்பினால், நேரில் போகாமல் எழுத்து மூலமே வாதாடும் வழியும் இருக்கிறது. அபராதத் தொகையை முன்னதாகக் கட்டி, உங்கள் விளக்கத்தை எழுதி அனுப்ப வேண்டும். வென்றால் பணம் திரும்பி வரும். தோற்றால் 20 நாட்களுக்குள் புதிய விசாரணை கேட்கலாம். ஆனால் தோற்றபின் டிராஃபிக் ஸ்கூலை அனுமதிப்பது நீதிபதியின் விருப்பமாகிவிடும். உங்கள் கடிதத்தில் வேகத்தை நீங்கள் மறுக்கவில்லை. எனவே இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நண்பர் சொன்னதை விட்டுவிடுங்கள். டிக்கெட் வாங்கியவுடன் நிறுவனத்தை அழைத்துச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் வழக்கமாக இல்லை. அவர்கள் பெரும்பாலும் பாலிசியைப் புதுப்பிக்கும்போதுதான் பதிவை எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் புதிய விண்ணப்பத்திலோ புதுப்பிப்புப் படிவத்திலோ நேரடியாகக் கேட்டால் உண்மையைத்தான் எழுத வேண்டும். அங்கே சொல்லும் பொய்தான் பாலிசியை ரத்து செய்யவும், விபத்து நேரத்தில் இழப்பீட்டை மறுக்கவும் இடம் கொடுக்கும்.

பள்ளியை முடித்துச் சில வாரங்கள் கழித்து, டி.எம்.வி. இணையதளத்தில் உங்கள் பதிவை வாங்கிப் பாருங்கள். கட்டணம் 2 டாலர்தான். பாயின்ட் தெரிந்தால், முடித்ததற்கான சான்றோடு உடனே நீதிமன்ற எழுத்தரை அணுகுங்கள், அடுத்த புதுப்பிப்புக்கு முன் சரியாகிவிட வேண்டும். அதோடு, பாலிசியில் வருடத்துக்கு எத்தனை மைல் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் கூடியும் பழைய மைல் கணக்கே அதில் நின்றால், ஓடாத மைலுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஓடோமீட்டர் படத்தை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். பிரீமியத்தைக் குறைக்கிறேன் என்று விபத்தில் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீட்டு வரம்பை மட்டும் குறைத்துவிடாதீர்கள். அவசியமானால், சொந்தக் காருக்கு நீங்கள் முதலில் ஏற்கும் தொகையைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம், அந்தப் பணம் எப்போதும் கையில் இருக்குமென்றால் மட்டும்.