முள் நடுவுக்கு வராத வண்டி

கேள்வி: உதகமண்டலத்தில் வசிக்கிறேன். கரூரில் ஒருவரிடமிருந்து ஏழு பேர் அமரக்கூடிய 2017ஆம் ஆண்டு மாடல் டீசல் எஸ்.யூ.வி. ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். முந்தைய உரிமையாளருக்கு லிட்டருக்கு 13 கி.மீ. கிடைத்ததாம், எனக்கு 9 கி.மீ.யைத் தாண்டவில்லை. டிசம்பர், ஜனவரி காலைகளில் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்ட பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வருகிறது. வெப்பமானியின் முள் நடுவுக்கு வருவதே இல்லை. குளிர்ப் பிரதேசத்தில் அப்படித்தான் இருக்கும் என்கிறார் மெக்கானிக். அது சரியா?
– வாசகர், உதகை

பதில்: சரியில்லை. பனி உறைகிற காலையாக இருந்தாலும், பத்துப் பதினைந்து நிமிடம் சாலையில் ஓடிய எஞ்சின் தன் வேலை வெப்பத்தை எட்டியே ஆக வேண்டும். வண்டி கரூரிலிருந்து வந்தது என்பதைப் படித்ததுமே எனக்கு தெர்மோஸ்டாட் வால்வின் மீதுதான் சந்தேகம் எழுந்தது. சமவெளியில் எஞ்சின் ஒருமுறை கொதித்துவிட்டால், ரேடியேட்டரையோ விசிறியையோ சோதிப்பதற்குப் பதிலாக, அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயாக மூடிவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. கரூர் வெயிலில் அந்தக் குறை கண்ணில் படாது. உதகைக் குளிரில் முதல் நாளே வெளிப்பட்டுவிடும்.

அந்த வால்வுக்குள் ஒரு மெழுகுக் குமிழ் உண்டு. எஞ்சின் நீர் ஏறத்தாழ 82 அல்லது 88 டிகிரியை எட்டும்போதுதான் மெழுகு உருகி விரிந்து ரேடியேட்டருக்குச் செல்லும் வழியைத் திறக்கும். அதுவரை நீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். வால்வு இல்லாமல் போனாலோ திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டாலோ, சாவியைத் திருப்பிய கணத்திலிருந்தே நீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்புகிறது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக சென்சார் சொல்வதால் கட்டுப்பாட்டுக் கணினி கூடுதல் டீசலைச் செலுத்துகிறது. ஆயிலும் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டுகிறது. உங்கள் மைலேஜில் ஒரு பகுதி இங்கேதான் தொலைகிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பி, பெல்ட்டுக்கும் விசிறிக்கும் கையை எட்டவே வைத்துக்கொண்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் அது நெடுநேரம் சில்லென்றிருந்து பிறகு திடீரென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் சந்தேகம் உறுதி. குன்னூரிலிருந்து பர்லியாறு நோக்கி இறங்கும்போது முள் இன்னும் கீழே சரிகிறதா என்றும் கவனியுங்கள்; சரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

உங்கள் எஞ்சினுக்கு நிறுவனம் குறித்திருக்கும் அதே டிகிரி வால்வையே வாங்குங்கள். மாட்டும் முன் பாத்திரத்து நீரில் போட்டுச் சூடேற்றிச் சோதிப்பது நல்லது. ஆனால் உதகையின் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், வால்வு திறக்கத் தொடங்கி முழுமையாக விரியாமல் நின்றால் அதைக் குறையென்று எண்ணிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அதே வேலையோடு பழைய நீரை வடித்துவிட்டு, குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக முறையான கூலன்ட் கலவையை ஊற்றச் சொல்லுங்கள்.

கால் மணி நேரம் நிறுத்தி வைத்து ஓடவிடுவதை இன்றே கைவிடுங்கள். சுமையின்றி ஓடும் டீசல் எஞ்சின் மிகக் குறைந்த வெப்பத்தையே உண்டாக்கும். டீசலோ மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போகும். நாள்தோறும் கால் மணி நேரம் என்றால், ஒரு கிலோமீட்டர்கூட நகராமல் மாதத்துக்கு நான்கு முதல் ஏழு லிட்டர். அரை நிமிடம் பொறுத்து, முள் ஏறும்வரை எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குள் வைத்து மிதமாக ஓட்டினால் போதும்.

மலைச்சாலையில், அதுவும் சந்தைக்கும் பள்ளிக்குமான குட்டிப் பயணங்களில், கரூரின் 13 கி.மீ. எப்படியும் வராது. 11 வந்தால் மகிழுங்கள்.

கேள்வி: எங்கள் வண்டி பி.எஸ்.6 (புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் எஸ்.யூ.வி. கொடைக்கானல் ஊருக்குள் மட்டுமே ஓடுகிறது. மைலேஜ் குறைந்ததோடு, டி.பி.எஃப். (புகைக்கரி வடிகட்டி) விளக்கும் எரிகிறது.
– வாசகி, கொடைக்கானல்

பதில்: புகைக்கரியைச் சேர்த்து வைக்கும் அந்த வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, புகைபோக்கி நன்றாகச் சூடாக வேண்டும். நான்கைந்து கிலோமீட்டரில் எஞ்சினை அணைத்தால் அந்த வேலை பாதியில் நிற்கிறது. அடுத்த முறை மீண்டும் கூடுதல் டீசலைச் செலவழித்துத் தொடங்குகிறது. வத்தலக்குண்டு வரை போய்வாருங்கள்; இறங்கும்போது பயனிருக்காது, சமதளத்தில் சீராக ஓடுவதும் திரும்ப மலையேறுவதும்தான் சூட்டைத் தரும். விளக்கு அப்போதும் அணையாவிட்டாலோ, ஆயில் குச்சியில் மட்டம் மேற்கோட்டைத் தாண்டியிருந்தாலோ ஆயிலில் டீசல் கலந்திருக்கக்கூடும். மேற்கொண்டு ஓட்டாமல் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.