வாசகர் கேள்வி: பட்டறையில் ஒரு வாட்டர் பிளாக்

கே: கம்ப்யூட்டர் பிராசஸருக்கு வாட்டர் பிளாக் (உள்ளே தண்ணீர் ஓடிச் சூட்டை எடுத்துப்போகும் உலோகக் கட்டி) செய்யப்போகிறேன். செம்பு எதற்கு, அலுமினியமே போதும் என்கிறார் லேத் பட்டறைக்காரர். சரியா?
– வாசகர், கோவை

ப: வேண்டாம். சூட்டைக் கடத்துவதில் அலுமினியம் பின்தங்கியது என்பதைக்கூட மன்னித்துவிடலாம். குழாய் மாட்டும் நிப்பிளோ ரேடியேட்டர் குழாயோ செம்பு, பித்தளையாக இருந்தால், ஒரே தண்ணீரில் இரண்டும் பேட்டரி மாதிரி வேலை செய்யும், அரிபடுவது அலுமினியம்தான். வெள்ளையாகப் படிந்து வழியையும் அடைக்கும். (பழைய ஏசி காயிலை ரேடியேட்டராக்கினால் பயமில்லை. அதில் அலுமினியத் தகடு செம்புக் குழாய்க்கு வெளியே இருக்கிறது, தண்ணீர் படாது.)

50×50 மி.மீ., 8 மி.மீ. தடிமனில் செம்புத் துண்டு வாங்குங்கள். நடுவில் 2 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளத்தில் 10 பள்ளங்கள்; இடையே 1 மி.மீ. சுவர். பள்ளங்களின் இரு முனைகளிலும் குறுக்கே 4 மி.மீ. கால்வாய்: ஒன்றின் மேல் தண்ணீர் வரும் வழி, மற்றதன் மேல் போகும் வழி. ஆழம் 5 மி.மீ.யோடு நிற்கட்டும். அடியில் 3 மி.மீ. மிஞ்சாவிட்டால் ஸ்க்ரூ முடுக்கும்போது தட்டு வளைந்துவிடும். செம்பு கட்டரில் அப்பிக்கொள்ளும் உலோகம். ஆயில் விட்டு, ஓட்டத்துக்கு 0.3 மி.மீ.க்கு மேல் எடுக்கச் சொல்லாதீர்கள். அவசரப்பட்டால் 2 மி.மீ. கட்டர் பட்டென்று ஒடியும்.

பள்ளங்களைச் சுற்றி 2.5 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. ஆழத்தில் காடி எடுத்து 2 மி.மீ. ஓ-ரிங் (மூடியின் அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) பதியுங்கள். அடிப்பக்கத்தைக் கண்ணாடி மேல் வாட்டர் பேப்பர் விரித்து 400, 800, 1200 என்று வரிசையாகத் தேயுங்கள். ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரியக் கூடாது.

போர்டில் மாட்டும் துளைகளின் இடைவெளி, இன்டெல் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டைப் பொறுத்தது: எல்ஜிஏ 1200 வரை வந்த 115x வகை போர்டுகளில் 75 மி.மீ. சதுரம், எல்ஜிஏ 1700-ல் 78.

கே: வாட்டர் பிளாக்கின் அக்ரிலிக் மூடியில் நிப்பிளைச் சுற்றி விரிசல். டெஃப்லான் டேப் நன்றாகச் சுற்றித்தான் முடுக்கினேன்.
– வாசகர், மதுரை

ப: அந்த முடுக்குதான் காரணம். பிளம்பிங் நிப்பிளின் மரை கூம்பு. உள்ளே போகப் போக ஆப்பு மாதிரி பிளக்கும். ஜி 1/4 நேர்மரை நிப்பிள் வாங்குங்கள். 11.8 மி.மீ. துளை போட்டு உள்ளே மரை வெட்டுங்கள். தண்ணீரை அடைப்பது மரையல்ல, நிப்பிளின் அடியிலுள்ள ஓ-ரிங். கையால் இறுக்கி, மேலே கால் சுற்று போதும். அக்ரிலிக்கை ஸ்பிரிட், தின்னரால் துடைக்காதீர்கள், அதனாலும் விரிசல் விடும்.

மாட்டுமுன் கம்ப்யூட்டருக்கு வெளியே பம்ப்பை மட்டும் 24 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அடியில் செய்தித்தாள் விரித்தால் ஒரு சொட்டுகூட ஒளியாது. ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் பள்ளத்தில் உப்பு கட்டும்.

கே: தண்ணீர் மெதுவாகப் போனால்தானே ரேடியேட்டரில் நன்றாக ஆறும்?
– வாசகர், சேலம்

ப: இல்லை. அதே தண்ணீர்தான் பிளாக்கிலும் அதிக நேரம் நின்று சூடேறும். 125 வாட் பிராசஸருக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால், உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் வித்தியாசம் 2 டிகிரிகூட இல்லை.

கே: தொட்டியில் ஐஸ் போடலாமா?
– வாசகர், சென்னை

ப: உங்கள் ஊர்க் காற்றில் பிளாக் வியர்த்து, சொட்டு நேரே சாக்கெட்டில் இறங்கும். போடாதீர்கள்.