சால்மன் மீனுக்காக ஆற்றை மீட்பது என்றால் என்ன?

சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். அதற்குக் குளிர்ந்த நீரும், முட்டையைப் புதைக்கக் கூழாங்கல் படுகையும் வேண்டும். இவற்றைத் திரும்ப உண்டாக்குவதுதான் ஆற்று வாழிட மீட்பு.

பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண், வாசலை அடைத்துச் சுவர் எழும்பியிருப்பதைக் கண்டால்? அணைகள் செய்தது அதுதான்.

அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில், 2002-இல், குறைந்துபோன வெதுவெதுப்பான நீரில் பல்லாயிரம் சால்மன்கள் செத்து மிதந்தன. அந்த மீனை நம்பி வாழும் யூரோக், காருக் பழங்குடியினர் அணைகளை அகற்றச் சொல்லி விடாமல் போராடினார்கள். மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் கைகோத்தார்கள். 2024-க்குள் நான்கு அணைகள் அகற்றப்பட்டன. சில வாரங்களிலேயே மீன்கள் மேலே ஏறிவிட்டன! எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

அணையை இடித்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நீர் வடிந்த வண்டல் கரையில், யூரோக் மக்கள் கையால் சேகரித்த நாட்டு விதைகள் வேர்பிடித்து மண்ணை இறுக்கப் பல ஆண்டுகள் ஆகும்.