பேலியகொடையில் வாங்கிய கெலவல்லாவுக்குப் பிடிச் சான்றிதழ்

பேலியகொடை மீன் சந்தையில் வாங்கிய கெலவல்லாவை (மஞ்சள் துடுப்புச் சூரை) இத்தாலிக்கு அனுப்ப, பிடிச் சான்றிதழைப் பிறகு எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் படகின் மீன் என்று தெரியாவிட்டால் முடியாது. மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டது என்று காட்டும் அந்தச் சான்றிதழ் படகோடும் அதன் பயணத்தோடும் கட்டப்பட்டது.

உங்கள் ஏற்றுமதியாளர் இழுத்தடிப்பதும் அதனால்தான் இருக்கும். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. 2016 ஜூன் வரை அது நீங்கவில்லை. அந்தச் சூடு கண்டவர்கள் அவ்வளவு சுலபமாக அசைய மாட்டார்கள்.

முதலில் மீனை விற்ற முதலாளியிடம் படகின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். பல நாள் கடலில் தங்கும் படகென்றால் ஐ.எம்.யூ.எல். (IMUL) என்று தொடங்கும். அப்புறம் அந்தப் பயணத்தின் பதிவேட்டுப் பிரதி. இலக்கத்தைச் சொல்லாமல் மழுப்பினால் அந்த மீனை உள்ளூரிலேயே விற்றுவிடுங்கள்.

ஒன்று: பல படகு மீன் கலந்திருந்தால் ஒரு படகின் தாள் மொத்தத்துக்கும் போதாது. பதப்படுத்தும் இடமும் ஐரோப்பிய ஒன்றிய அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும்.