எக்ஸ்டெண்டர் மாட்டியதும் அலறும் ஆன்டிவைரஸ்

கேள்வி: மாடி அறைக்கு வைஃபை எட்டாததால் எக்ஸ்டெண்டர் மாட்டினோம். அதன்பிறகு லேப்டாப்பில் உள்ள பாதுகாப்பு மென்பொருள் ‘ஏஆர்பி கேஷ் பாய்சனிங் தாக்குதல்’ என்றும், சில நேரம் ‘நெட்வொர்க்கில் ஒரே ஐபி இரண்டு கருவிகளுக்கு’ என்றும் எச்சரிக்கிறது. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் எக்ஸ்டெண்டரின் வேலைதான். ஆனாலும் சோதித்த பிறகே அப்படி முடிவு கட்டுங்கள்.

எந்த ஐபி (நெட்வொர்க் தரும் முகவரி எண்) எந்த மேக் முகவரிக்கு (கருவியின் சொந்த அடையாள எண்) உரியது என்று லேப்டாப் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதை நிரப்பும் வழிமுறைதான் ஏஆர்பி. சாதாரண வைஃபை இணைப்பில் எக்ஸ்டெண்டரை ஒரே ஒரு கருவியாகத்தான் ரவுட்டர் பார்க்கும். அதனால் எக்ஸ்டெண்டர், தன் பின்னால் இருக்கும் போன், டிவி எல்லாவற்றுக்கும் தன் மேக்கையே போட்டு அனுப்புகிறது. மாடியிலிருந்த போன் கீழே வந்து நேராக ரவுட்டரில் இணைந்தால், அதே ஐபிக்கு வேறு மேக் தெரியும். நடுவில் புகுந்து தகவல் திருடுபவர் செய்வதும் இதே ஆள்மாறாட்டம்தான். மென்பொருள் பாவம், என்ன செய்யும்?

எச்சரிக்கையில் உள்ள ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் ஏ, ஆர், பி என்ற 3 ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு கழித்தல் குறியோடு ஒட்டிய ஏ எழுத்து என டைப் செய்து என்டர் தட்டினால் பட்டியல் வரும். அந்த ஐபி உட்படப் பல ஐபிகளுக்கு நேரே ஒரே மேக் இருந்து, அது எக்ஸ்டெண்டர் லேபிளில் உள்ளதோடு பொருந்தினால் கவலையில்லை. ஓரிரு எழுத்து மாறியிருக்கலாம், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசைகள் இரண்டுக்கும் தனித்தனி மேக் உண்டு. 255-இல் முடியும் ஐபிகளையும், 224, 239 எனத் தொடங்குபவற்றையும் விட்டுவிடுங்கள். அவை எந்தக் கருவிக்கும் உரியவை அல்ல.

ரவுட்டரின் ஐபிக்கு நேரே ரவுட்டருடையதும் இல்லாத, எக்ஸ்டெண்டருடையதும் இல்லாத மேக் இருந்தால்தான் விபரீதம். உடனே வைஃபை பாஸ்வேர்டையும், இரு கருவிகளின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றி, டபிள்யூபிஎஸ் வசதியை (பாஸ்வேர்ட் இல்லாமல் பட்டன் அல்லது பின் எண்ணால் இணைவது) அணையுங்கள்.

‘ஒரே ஐபி’ எச்சரிக்கைக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம்: ரவுட்டரோடு எக்ஸ்டெண்டரும் தன் பங்குக்கு ஐபி வழங்கிக்கொண்டிருக்கும். எக்ஸ்டெண்டர் செட்டிங்கில், ஐபி வழங்கும் டிஹெச்சிபி சர்வரை ஆஃப் செய்யுங்கள். ரவுட்டர் வழங்குவது 192.168.1.100 முதல் 199 வரை என்றால், எக்ஸ்டெண்டருக்கு 192.168.1.250 என்று வெளியே உள்ள எண்ணை நிரந்தரமாகக் கொடுங்கள்.

ஏஆர்பி எச்சரிக்கைக்கு நல்ல மருந்து, மாடிவரை லேன் கேபிள் இழுத்து எக்ஸ்டெண்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகத் தருவது) ஓட்டுவது. அப்போது கருவிகளின் மேக் மாறாமல் போகும், வேகமும் கூடும். கேபிள் முடியாதென்றால், சோதித்து உறுதியான ஐபிகளை மட்டும் பாதுகாப்பு மென்பொருளின் ஃபயர்வால் விலக்குப் பட்டியலில் சேருங்கள். ஏஆர்பி பாதுகாப்பையே அணைத்துவிடாதீர்கள். அதே லேப்டாப்பைப் பொது வைஃபையில் இணைக்கும்போதுதான் அது உண்மையில் தேவைப்படும்.

கேள்வி: எக்ஸ்டெண்டரை ரீசெட் செய்தால் போதாதா?

பதில்: போதாது. மேக்கை மாற்றி அனுப்புவது பழுதல்ல, அதன் இயல்பு. போதாக்குறைக்கு, ரீசெட் செய்தால் நீங்கள் அணைத்த டிஹெச்சிபி மறுபடி உயிர்பெறக்கூடும்.