கசூரினாவில் கழன்ற மோதிரம்: மெசின் வாங்க முதல் செய்யவேண்டியவை

கேள்வி: போன ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகக் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போயிருந்தோம். முழங்காலளவு தண்ணீரில் பிள்ளைகளோடு பந்து எறிந்து விளையாடியபோது என் கலியாண மோதிரம் கழன்று விழுந்துவிட்டது. முக்கால் பவுண், சின்னச் சிவப்புக்கல் பதித்தது. ஒரு மணித்தியாலம் கையால் துழாவியும் கிடைக்கவில்லை. லண்டனில் இருக்கும் அண்ணா மெற்றல் டிடெக்டர் ஒன்று வாங்கி அனுப்பட்டா என்று கேட்கிறார். வாங்கினால் கிடைக்குமா? (வாசகி, கொக்குவில்)

பதில்: கிடைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அண்ணாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே தொடங்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு மெசின் தேவையில்லை.

மிதிவெடி அகற்றும் பணியில் சில வருடங்கள் இருந்தவன் நான். இப்போது நகை தொலைத்தவர்களுக்குத் தேடிக் கொடுக்கிறேன். இரண்டு வேலையிலும் மெசினுக்குக் கண் ஒன்றுதான்: கீழே இருக்கும் வட்டத் தட்டு. பெரும்பாலானவற்றில் அது 11 அங்குலம். அந்தத் தட்டுக்கு நேர் கீழே இருப்பதைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. 50 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலத்துக்குத் தேடவேண்டும் என்றால் அது 1000 சதுர மீற்றர். அதையே 5க்கு 5 மீற்றராகச் சுருக்கித் தந்தீர்கள் என்றால் 25 சதுர மீற்றர்தான். நாற்பதில் ஒரு பங்கு வேலை. எனக்குக் கிடைக்காமல் போன நகைகளில் அநேகமானவை தவறான இடத்தில் தேடியதால் கிடைக்காமல் போனவை.

ஆகவே, அன்று எல்லாருடைய ஃபோனிலும் எடுத்த படங்களை ஒன்றுசேருங்கள். படம் எடுத்த நேரம் ஒவ்வொன்றிலும் பதிந்திருக்கும். மோதிரம் விரலில் தெரிகிற கடைசிப் படம் எது, வெறும் விரலோடு இருக்கிற முதற்படம் எது என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நீங்கள் நின்ற இடந்தான் நமக்கு வேண்டியது. படத்தின் பின்புறத்தில் சவுக்கு மரங்களோ ஏதாவது கட்டடமோ தெரிந்தால் இன்னும் நல்லது. கடற்றொழிலாளர் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேரில் வைத்து இடம்பிடிப்பார்களே, அதேபோல அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மரங்கள் படத்தில் தெரிகிற மாதிரியே தெரியும் வரை நடந்து போய் நில்லுங்கள். நீங்கள் எந்தக் கையால் பந்தை எறிந்தீர்கள், எந்தப் பக்கம் பார்த்து எறிந்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். எறியும்போது கழன்ற மோதிரம் காலடியில் விழாது. எறிந்த திசையில் சில மீற்றர் பறந்து போய் விழும்.

அலை அடித்துக்கொண்டு போயிருக்குமோ என்ற பயம் எல்லாருக்கும் வருவதுதான். 22 கரட் பொன் அதே அளவு தண்ணீரைப் போலப் பதினேழு மடங்குக்கு மேல் பாரமானது. மணல் இரண்டரை மடங்கு சொச்சந்தான். அதனால் மோதிரம் பக்கவாட்டில் ஓடுவதைவிடக் கீழே இறங்குவதுதான் அதிகம். அடியில் சிப்பி படிந்த இறுகிய படை ஒன்று வந்தால் அதன்மேல் தங்கிவிடும். கசூரினா ஆழங்குறைந்த, அலை அடங்கிய கடல். நம் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. சோளகக் காற்றுக் காலத்தில் அந்த வடக்குக் கரை இன்னும் அமைதியாக இருக்கும். வாடை தொடங்கி மாரியும் சேர்ந்தால் மணல் இடம் மாறும், மேலே புதிதாகவும் குவியும். அதற்கு முன் தேடிவிட வேண்டும். இன்னொன்று, இனிமேல் அந்த இடத்தில் காலால் உழக்கவோ துழாவவோ வேண்டாம். இளகிய மணலில் ஒவ்வொரு மிதியும் மோதிரத்தைக் கீழே அனுப்பும்.

இனி மெசினுக்கு வருவோம். தட்டிலுள்ள செப்புக் கம்பிச் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை அனுப்பும். அது உலோகத்தில் பட்டால் உலோகத்துக்குள் மின்னோட்டம் சுழலும். அந்தச் சுழற்சி எழுப்பும் சிறிய காந்தப்புலத்தைத்தான் மெசின் சத்தமாக மாற்றித் தருகிறது. மின்னோட்டம் சுழல மூடிய வட்டம் வேண்டும். மோதிரமே ஒரு மூடிய வட்டம் என்பதால் நல்ல மெசினில் ஒரு சாண் ஆழத்திலிருந்துகூடக் குரல் கொடுக்கும். இந்த விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. மெல்லிய சங்கிலி என்றால் நான் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். மூன்று பவுண் சங்கிலி முக்கால் பவுண் மோதிரத்தைவிட மெலிதாகக் கேட்பதுண்டு. கண்ணிக்குக் கண்ணி தொடுகை சரியாக இல்லாததால் மெசினுக்கு அது தனித்தனிச் சிறு வளையங்களாகத்தான் தெரியும். தாலிக்கொடியில் தாலி உருவே கனமான துண்டு, அதுதான் காட்டிக்கொடுக்கும். கல்லும் முத்தும் எந்த மெசினிலும் கேட்காது. காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பொன்னும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது.

கடலில் பெரிய தொல்லை உப்பு. உப்புத் தண்ணீர் மின்னைக் கடத்துவதால் ஒற்றை அலைவரிசையில் இயங்கும் மலிவான மெசின்கள் ஈர மணலில் ஓயாமல் கத்தும். அவற்றின் உணர்திறனைக் குறைத்தால் சத்தம் அடங்கும், ஆனால் ஆழமும் போய்விடும். கடற்கரைக்குப் பல அலைவரிசை மெசின் வேண்டும், அல்லது துடிப்பு முறையில், அதாவது காந்தப்புலத்தை விட்டுவிட்டு அனுப்பி, வேலை செய்யும் மெசின் வேண்டும். துடிப்பு முறை உப்பைப் பொருட்படுத்தாது. ஆனால் ஆணியையும் பொன்னையும் பிரித்துச் சொல்ல அதற்கு அவ்வளவாகத் தெரியாது, கேட்டதையெல்லாம் கிண்டவேண்டியிருக்கும். உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணில் தொல்லை வேறு. அங்கே மண்ணிலேயே இரும்பு இருக்கிறது. மண்ணுக்கு ஏற்ப மெசினைச் சமன்செய்யாமல் தொடங்கினால் தோட்டம் முழுக்கப் பொன் இருப்பது போலக் கத்தும்.

மெசினின் திரையில் வரும் இலக்கத்தை நம்பிப் பொன்னை விட்டவர்கள் பலர். சிறிய பொன் மோதிரமும் சிகரெட் பெட்டித் தாளும் சோடா ரின்னின் இழுவை வளையமும் ஏறக்குறைய ஒரே இலக்கத்தைத்தான் காட்டும். குப்பையை ஒதுக்கும்படி மெசினுக்குச் சொன்னால் அது உங்கள் மோதிரத்தையும் ஒதுக்கிவிடும். அதனால் வீட்டில் உள்ள அதே பருமனான பொன் மோதிரம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்வேன். அதை நூலில் கட்டி ஈர மணலில் புதைத்து, மெசின் என்ன இலக்கம் காட்டுகிறது, என்ன சத்தம் போடுகிறது என்று முதலில் பார்ப்பேன். அந்த இலக்கத்துக்குக் கிட்ட வருகிற எல்லாவற்றையும் கிண்டவேண்டும். நூறு மூடி வந்தாலும் அலுக்கக்கூடாது.

தேடும்போது கயிறு இழுத்து ஒரு மீற்றர் அகலப் பாதைகளாகப் பிரிக்கவேண்டும். தட்டு மணலைத் தொட்டும் தொடாமலும், முந்திய வீச்சின் பாதியை மூடிக்கொண்டு மெதுவாகப் போகவேண்டும். நெடுக்காக முடித்த பிறகு குறுக்காகவும் ஒருமுறை. சாய்ந்து கிடக்கிற மோதிரம் ஒரு பக்கத்தில் கேட்காமல் மறுபக்கத்தில் கேட்கும். மண்வெட்டியும் திறப்புக்கோர்வையும் தட்டுக்குக் கிட்ட இருக்கக்கூடாது. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் இருந்த குண்டைத் தேட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் இப்படியொரு கருவியைத்தான் கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. படுக்கையின் உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பியது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அள்ளிய மணலை அரிதட்டில் போட்டு அலசுங்கள். குழியை மறுபடி மெசினால் பார்த்துவிட்டு மூடுங்கள்.

அண்ணாவின் மெசினைப் பற்றி என் எண்ணம் இது: ஒரு மோதிரத்துக்காக வாங்கவேண்டாம். பழகாத கையில் நல்ல மெசினும் வீண். பழகியவரை அழையுங்கள், போக்குவரத்துச் செலவு எவ்வளவு, கிடைத்தால் என்ன கொடுப்பது என்பதை முதலே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கஸ்தூரியார் வீதியில் வாங்கிய நகை என்றால் கடைப் பற்றுச்சீட்டையோ மோதிரம் தெரிகிற படத்தையோ எடுத்து வாருங்கள். தேடி முடியும் வரை பக்கத்தில் நில்லுங்கள். அண்ணா கட்டாயம் அனுப்பத்தான் போகிறார் என்றால், அனுப்புவதற்கு முன் சுங்கத்திலும் பாதுகாப்பு அமைச்சிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

இந்த நாட்டில் மெசினோடு நிலத்தில் நிற்பவரைப் புதையல் தோண்டுபவர் என்று நினைப்பது இயல்பு. அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். தொல்பொருள் கிடைக்கும் பழைய இடங்களான கந்தரோடை, வல்லிபுரம் பக்கம் மெசினைக் கொண்டுபோகவே வேண்டாம். வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேடு போன்றவை எல்லாருக்கும் உரிய சொத்து. கசூரினாவில் பிரதேச சபைக்கும் பொலிசுக்கும் முதலே சொல்லுங்கள். காரைநகரில் கடற்படை முகாமும் இருப்பதால் இது இன்னும் அவசியம்.

எச்சரிக்கை ஒன்று, இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நம் மண்ணில் மெசின் கத்தினால் அது நகையாக மட்டும் இருக்கவேண்டும் என்றில்லை. துப்பாக்கி ரவைக் கோதும் செல் துண்டும் இன்னும் வரும். துருப்பிடித்த உருண்டையோ குழாயோ, என்னவென்று விளங்காத எதுவோ தெரிந்தால் தொடாதீர்கள். அந்த இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு, வந்த காலடியிலேயே திரும்பி 119க்கு அழையுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற காணிக்குள் எத்தனை பவுண் விழுந்தாலும் போகக்கூடாது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நகை காணாமல் போனால் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பதும், வேலைக்கு வந்த பெண்ணைச் சந்தேகிப்பதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. ஒரு வளவில் நான் காப்பு ஒன்றைக் கிணற்றடி வாழைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தபோது, அந்த வீட்டில் வேலைசெய்த அம்மா ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தார். காப்பு திரும்பியது, அவர் திரும்பி வரவில்லை. குளிக்கும் இடம், உடுப்புத் தோய்க்கும் கல், குப்பைக் கிடங்கு எல்லாம் தேடி முடியுமட்டும் யாருடைய பெயரையும் வாயில் எடுக்கவேண்டாம்.

நீங்கள் படங்களை ஒழுங்குபடுத்தி, நின்ற இடத்தைக் குறித்ததும் அறியத்தாருங்கள். காற்றில்லாத ஒரு காலையில், ஆட்கள் குளிக்க வரும் முன் ஆறு மணிக்குத் தொடங்குவோம். அதே பருமனான மோதிரம், அரிதட்டு, இருபது மீற்றர் கயிறு, நான்கு தடி: இவற்றைக் கொண்டு வாருங்கள். பந்து எறிந்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். எங்கே நின்றோம் என்று அவர்களுக்குத்தான் சரியாக ஞாபகம் இருக்கும்.